ஏழாம் நம்பர் தீனி

அன்று பெய்தது மழையா பனியா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. கார்மனைக் கேட்டால் பனி என்பார், அதுவும் முழங்கால் அளவு என்பார். லொரீன் மழை என்கிறாள். நானும் அவர்களோடு அதே கட்டடத்தில்தான் வேலை பார்த்தேன். கோப்புகள் அடுக்கிய முன்னறையில் என் மேசைக்குப் பின்னால் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. திரும்பிப் பார்த்த ஞாபகமே இல்லை. மற்றவர்கள் சொன்னதை வைத்துத்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறேன். நடுவில் சிலவற்றை நானே நிரப்பிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் குடுவைகளில் இருந்ததெல்லாம் நீலமாகிப் போனது மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

லொரீன் ஃப்ரே வேலை பார்த்த இடம் லிஸ்டோவல் என்ற சிறிய ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் வெண்ணெய் ஆலையாக இருந்த செங்கல் கட்டடம். பன்றி வளர்ப்பவர்களின் கூட்டுறவு ஒன்று அதை வாங்கித் தடுப்பூசி செய்யும் கூடமாக மாற்றியிருந்தது. ஆலையோடு எஃகுத் தொட்டிகள் வந்தன. தொட்டிகளோடு கார்மனும் வந்தார். அவற்றின் குழாய்களும் அடைப்பான்களும் அவருக்கு மட்டுமே வசப்படும்.

அந்த வருடம் ஊரெங்கும் பன்றிக்குட்டிகள் மெலிந்து செத்துக்கொண்டிருந்தன. பால் மறக்கடித்த ஐந்தாறு வாரத்தில் குட்டியின் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், தோல் வெளுக்கும், மயிர் சிலிர்த்துப் போகும். பிறகு ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். லொரீனின் அண்ணன் மெர்வினுடைய தொழுவத்தில் மூன்றில் ஒன்று அப்படிப் போனது. அப்பா விட்டுச்சென்ற தொழுவம் அது. லொரீன் பிறந்து வளர்ந்ததும் அதன் வாசலில்தான். தாய்ப்பன்றிகளை மொத்தமாக விற்றுவிட்டுத் தொழுவத்தை மூடிவிடலாம் என்று மெர்வின் ஒரு வியாபாரியிடம் பேசி, லாரிக்கு நாளும் குறித்திருந்தான்.

தடுப்பூசி இல்லாமல் இல்லை. மக்காச்சோளத்தை மொட்டையடிக்கும் படைப்புழு இருக்கிறதே, அதன் கூட்டுப்புழுவிலிருந்து என்றோ யாரோ எடுத்து வளர்த்த செல்கள் இன்று உலகம் முழுக்கக் குடுவைகளில் மிதந்து வாழ்கின்றன. தகுந்த வைரஸை உள்ளே புகுத்தினால், பன்றி நோய்க்கிருமியின் மேலோட்டை மட்டும் அவை செய்து குவித்துவிட்டுச் சாகும். உள்ளே ஒன்றுமில்லாத அந்த வெற்று ஓடுதான் மருந்து. அதையெல்லாம் அந்தக் கட்டடத்தில் செய்து பார்த்தாயிற்று. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. செல்கள் மிதந்து தின்று வளர்கிற நீர் இருக்கிறதே, மீடியம், அது கடையில் லிட்டர் எழுபது டாலர். குடுவைக்கு அது பெரிதில்லை. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு அதை ஊற்றினால், ஒரு குட்டிக்கு ஊசி போடும் செலவு அந்தக் குட்டியை விற்று மிஞ்சுவதைவிட அதிகமாகிவிடும்.

"ராணிக்குச் சமைக்கிற மாதிரி புழுவுக்குச் சமைச்சிட்டிருக்கோம்," என்றார் ஹலினா வொய்டாஸ். ஆய்வுக்கூடத்தின் தலைவி அவர். போலந்திலிருந்து வந்து இருபத்து நான்கு வருடம் ஆகியும் கோபம் வந்தால் மட்டும் போலிஷில் முணுமுணுப்பவர். "மே கடைசியில நிர்வாகக் குழு கூடுது. அதுக்குள்ள மலிவா ஒரு மீடியம் கிடைக்கலேன்னா இந்த வேலைய மூட்டை கட்டிருவாங்க. லொரீன், விருந்து வேணாம். உயிரோட இருந்து வேலை செய்ற அளவுக்கு ஏதாவது போதும். பன்றித் தொழுவத்துல வளந்தவதானே நீ? தீனி கலக்கத் தெரியாதா உனக்கு?"

லொரீன் பதினொரு கலவைகள் செய்தாள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உப்புகள், சர்க்கரை, ஈஸ்ட் சாற்றுப் பொடி, கொஞ்சம் கொழுப்பு. எது எவ்வளவு, எங்கே வாங்கியது என்பதில்தான் வித்தியாசம். ஏழாவது கலவையில் போட்ட ஈஸ்ட் பொடி, சூப்புத்தூள் தயாரிக்கும் ஆலைக்குப் போகிற சரக்கு. இருபத்தைந்து கிலோ மூட்டை. கொழுப்புக்கு மீன் எண்ணெய். எண்ணெய் நீரில் கலக்காமல் மேலே மிதந்தபோது, மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய இயந்திரத்தைக் கார்மன் இழுத்து வந்தார். பாலில் ஆடை கட்டாமல் கொழுப்பைத் துகள் துகளாக உடைத்துக் கலக்கிவிடும் இயந்திரம் அது. மீன் எண்ணெயை அதில் இரண்டு முறை ஓட்டினார். பால்போல வெளியே வந்தது.

"பாத்தியா, நான் சும்மா சம்பளம் வாங்கல," என்றார். பிறகு ஏழாம் நம்பர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். "மதியத்துக்கு ரொட்டி மட்டும் கொண்டுவந்தாப் போதும் போலிருக்கே."

"குடிச்சிராதீங்க கார்மன். வடிகட்ட ரெண்டு நாள் ஆச்சு."

பழைய மீடியத்தில் வளர்ந்த செல்களை எடுத்துப் பதினொரு குடுவைகளிலும் விட்டார்கள். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் எட்டில் ஒரு பங்கை எடுத்துப் புதுத் தீனிக்கு மாற்றுவது அந்த அறையில் லொரீன் வகுத்த வழக்கம். ஏழாம் நம்பரில் செல்கள் முதல் முறை அற்புதமாகப் பெருகின. இரண்டாம் முறையும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. கண்ணாடித்துண்டில் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணிவிட்டு, லொரீன் எழுந்து கைகழுவும் தொட்டியருகே போய்ச் சும்மா நின்றாள். அழவில்லை. ஆனால் அழுதாலும் பரவாயில்லை என்று தோன்றியதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சபையிலிருந்து வந்து மெர்வின் வீட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக இருப்பார்கள். மெர்வின் முள்கரண்டியைத் தொடும் சத்தம் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். சத்தம் கேட்டது. உருளைக்கிழங்குத் தட்டு கைமாறும்போது லொரீன் சொன்னாள்.

"தாய்ப்பன்றிகள விக்காதே மெர்வின்."

"ஏன், நீ வாங்கிக்கிறியா?"

"மருந்து வந்துரும். விலை கட்டுப்படியாகும். நான் கண்ணால பாத்தேன்."

மெர்வின் மனைவி வெர்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை லாரிக்காரனைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருந்தது. வியாழக்கிழமை, மழையோ பனியோ, அடுத்த மாற்றத்துக்காக லொரீன் எண்ணினாள். செத்த செல் நீலச்சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், உயிருள்ளது உறிஞ்சாது. கண்ணாடிக்குக் கீழே எல்லாம் நீலம். இன்னொரு சொட்டு எடுத்தாள். அதுவும் நீலம். பதினொன்றும் அப்படித்தான்.

ஹலினா வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"முதல் ரெண்டு தடவை பழைய மீடியத்தோட மிச்சம் உள்ள இருந்திருக்கு. அதத் தின்னு வளந்திருக்குங்க," என்றார்.

"தெரியும். முதல் பாடத்துலயே சொல்லிக்குடுத்தாங்க."

"எனக்கும் சொல்லிக்குடுத்தாங்க. உன் நோட்டுல நானும்தானே கையெழுத்துப் போட்டேன்." ஹலினா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. டீ போடறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று லொரீன் பின்னாளில் சொன்னாள். அந்த டீயைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

மறுபடி தொடங்கினார்கள். இம்முறை நம்பிக்கை இருந்த நான்கு கலவைகள் மட்டும், கலவைக்கு நான்கு குடுவை. பழைய மீடியத்தில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று பழக்கினார்கள். முக்கால்வரை செல்கள் தாக்குப்பிடித்தன. முழுக்கப் புதிய தீனிக்கு வந்ததும் எண்ணிக்கை ஒவ்வொரு மாற்றத்திலும் சரிந்துகொண்டே போனது.

மெர்வினிடம் அவள் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள், தலைகுனிந்தாள், முள்கரண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். அந்த மௌனம் அவளுக்குச் சிறுவயதிலிருந்து பிடித்தமானது. ஒரு நாளில் யாரும் அவளிடம் எதுவும் கேட்காத ஒரே நேரம். இப்போது அதற்குள் உட்கார முடியவில்லை. எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், தட்டில் இருந்த பீன்ஸை எண்ணிக்கொண்டிருந்தாள். தொழுவத்திலிருந்து செத்த குட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் அண்ணனைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் சொன்னதால்தான் அந்தத் தொழுவம் இன்னும் திறந்திருக்கிறது. அவள் சொன்னது பொய்.

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை காலை ஏழாம் நம்பரை எண்ணினாள். ஒரு மில்லிலிட்டரில் ஆறு லட்சம். வழக்கமாக நாற்பது லட்சம் இருக்க வேண்டும். மற்ற மூன்று கலவைகள் இன்னும் மோசம். குடுவைகளை மாற்றவில்லை, ஆட்டும் மேடையிலேயே விட்டாள். ஹலினாவிடம், "ரெண்டு மணி நேரத்துல வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

மெர்வின் தொழுவத்தில் அன்று குட்டிகளைப் பால் மறக்கடிக்கும் நாள். அடைப்புக்குள் நின்று, கைக்கொன்றாகக் குட்டிகளைத் தூக்கி எடை பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். கனமானவை அடுத்த கொட்டகைக்குப் போகும்.

"வேலை நாள்ல வந்திருக்கே. லீவா?"

"இல்ல."

"வேலை போச்சா?"

"இன்னும் போகல." அவள் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். "மெர்வின், பன்றிகள விக்காதேன்னு சொன்னேன்ல. நான் சொன்னப்பவே அந்த செல்லெல்லாம் பட்டினியில செத்துட்டிருந்துச்சு. எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

அவன் கையிலிருந்த குட்டி கத்தியது. இறக்கிவிட்டான்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மார்ச்ல. உன்கிட்ட சொன்ன அந்த வாரமே."

மின்விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"நாலு ஞாயித்துக்கிழமை வந்து எங்க வீட்டு உருளைக்கிழங்கத் தின்னிருக்கே," என்றான் மெர்வின்.

"ஆறு."

"வெர்னா என்ன சொல்லிட்டிருக்கா தெரியுமா? உனக்கு யாரோ ஆள் கிடைச்சிருக்கானாம். அதான் வாயே திறக்காம உக்காந்திருக்கியாம். அவ பாவம், போர்வை தைக்க ஆரம்பிச்சிட்டா."

லொரீனுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"கேளு," என்றான். "உன் புழுவ நம்பி ஒண்ணும் நான் லாரிய நிறுத்தல. யாராவது ஒருத்தர் வேணாம்னு சொல்ல மாட்டாங்களான்னு ஒரு மாசமா காத்துட்டிருந்தேன். சபையில ஒருத்தன் சொல்லல. வெர்னா சொல்லல. நீ சொன்னே. அவ்ளோதான். இதத் தூக்கிட்டு அலையாதே. இந்தா, வந்ததுக்கு ரெண்டு குட்டியப் பிடி."

அவள் குனிந்து பிடித்தாள். முதலாவது கனமாக இருந்தது, அண்ணனிடம் கொடுத்தாள். இரண்டாவதன் விலா எலும்பு விரலில் தட்டியது. யாரும் சொல்லாமலே அவள் கை அதைத் திருப்பிக் கொண்டுபோய், சூட்டு விளக்குக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து கிடந்த சின்னக் குட்டிகளுக்கு நடுவே செருகிவிட்டது. பத்து வயதிலிருந்து செய்த வேலை. மெலிந்ததை அன்றைக்கே பிரிக்கக் கூடாது. பிரித்து அகலமான இடத்தில் விட்டால் நெருங்கிக்கொள்ள ஆளில்லாமல் விறைத்துவிடும். இன்னும் ஒரு வாரம், கூட்டத்தோடு.

கை அங்கேயே நின்றது.

"என்ன?" என்றான் மெர்வின்.

"எட்டுல ஒண்ணு."

"என்ன எட்டுல ஒண்ணு?"

"எல்லாக் குடுவையிலயும் எட்டுல ஒரு பங்கு எடுத்துத்தான் புதுத் தீனியில விடுவோம். திங்கள், வியாழன். எது கொழுத்திருந்தாலும் எது மெலிஞ்சிருந்தாலும் ஒரே அளவு. அப்பத்தானே எது நல்ல தீனின்னு நியாயமா ஒப்பிட முடியும்?"

"மெலிஞ்சதையுமா?"

"மெலிஞ்சதையும். ஆறு லட்சத்த எட்டாப் பிரிச்சா ஒரு லட்சம் கூட இல்ல. அவ்வளவு தண்ணியில தனித்தனியா... தீனி அதுங்களக் கொல்லல மெர்வின். நாங்கதான்."

"இப்படிச் செய்யணும்னு எந்தப் படிச்ச மகராசன் சொன்னான்?"

"நான்தான்."

மெர்வின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சரி, போ. போய் அதுங்களச் சேத்து வை."

நேராகக் கூடத்துக்குக் காரை ஓட்டினாள். குடுவைகள் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தன. ஏழாம் நம்பர்க் குடுவைகள் நான்கையும் ஒன்றாக்கிச் சுழற்றி, அடியில் படிந்த செல்களை மட்டும் எடுத்துச் சின்னஞ்சிறு குடுவை ஒன்றில், கொஞ்சமே கொஞ்சம் தீனியில் நெருக்கமாக விட்டாள். ஹலினா பின்னால் நின்றார்.

"எப்ப மாத்துவே?"

"எண்ணிக்கை நாற்பது லட்சம் வர்றப்ப."

"அது எப்ப வரும்?"

"தெரியாது. இனிமே காலண்டரப் பாக்கப் போறதில்ல."

"அப்ப ஒப்பிடுறது?"

"முதல்ல ஒண்ணு பிழைக்கட்டும். ஒப்பிடுறத அப்புறம் பாக்கலாம்."

ஹலினா போலிஷில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு சுவரில் திங்கள், வியாழன் என்று சிவப்பில் வட்டமிட்டிருந்த காலண்டரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அது திரும்பி வரவே இல்லை.

முதல் முறை ஒன்பது நாள் ஆனது. தினமும் காலையில் லொரீன் ஒரே ஒரு சொட்டு எடுத்து எண்ணுவாள். எடுப்பதே அவற்றுக்கு நஷ்டமோ என்று பயந்து, அதையும் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினாள். நாற்பது லட்சம் வந்ததும் எட்டாகப் பிரிக்கவில்லை, இரண்டாகத்தான் பிரித்தாள். இரண்டாம் முறை ஆறு நாள். நீலம் குறைந்துகொண்டே வந்தது.

மே இருபத்தாறில் நிர்வாகக் குழு கூடியது. தலைவர் எமர்சன் ப்ரூபேக்கர், அவரும் குட்டிகளைப் பறிகொடுத்தவர். அறிக்கை வாசிக்க எழுந்த ஹலினா தாளை மடித்து வைத்துவிட்டார்.

"எங்களுக்கு ஒரு மீடியம் கிடைச்சிருக்கு. லிட்டர் ஆறு டாலர். செல் உயிரோட இருக்கு. ஆனா மெதுவாத்தான் வளருது."

"எப்ப வேகமா வளரும்?" என்று கேட்டார் எமர்சன்.

"தேதி சொல்ல முடியாது. போன தடவை தேதிய வெச்சுத்தான் கொன்னோம்."

குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நான் அந்தக் காட்சியை நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறேன். பன்றி வளர்ப்பவர்கள் ஒன்பது பேர், கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு. கடைசியில் எமர்சன், "பால் மறக்குற குட்டி மாதிரிங்க. விட்டுத்தான் பிடிக்கணும்," என்றார். கோடை முடியும்வரை அவகாசம் என்று எழுதிக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் ஏழாம் நம்பரில் செல்கள் மூன்று நாளில் எட்டு மடங்கு பெருகத் தொடங்கின. அவை அந்தச் சூப்புத்தூளுக்குப் பழகிவிட்டன. ஆகஸ்டில் நூறு லிட்டர் தொட்டியில் கார்மன் அதை நிரப்பினார். கடையில் வாங்கும் மீடியத்தில் வருமளவு செல்கள் வரவில்லை; மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் வைரஸைப் புகுத்தியபின் அளந்து பார்த்தால் ஓடு கிட்டத்தட்ட அதே அளவு இருந்தது.

"வெண்ணெய் எடுத்த தொட்டி," என்று கார்மன் அதன் வயிற்றைத் தட்டினார். "கைவிடாது."

சோதனை ஊசி முதலில் போடப்பட்டது மெர்வின் தொழுவத்தில், முந்நூறு குட்டிகளுக்கு. எடை பார்த்துக் கொடுத்தது லொரீன். மெலிந்துபோகும் வாரங்கள் வந்தன, கடந்தன. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெர்வின் கைகழுவிவிட்டு மேசைக்கு வந்து, "ஒம்போது," என்றான். முந்நூறில் செத்தது ஒன்பது. உட்கார்ந்து தலைகுனிந்தான்.

அன்றைய மௌனம் நீண்டது. குழம்பு ஆறியது. குழந்தைகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். லொரீன் பீன்ஸை எண்ணவில்லை. ஹலினா போட்ட டீ, துணி போர்த்திய இயந்திரம், எலும்பு தட்டிய அந்தக் குட்டி, பெயர் தெரியாத ஒருவர் என்றோ குடுவையில் விட்ட புழு, வேண்டாம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்த அண்ணன் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே வார்த்தைதான் இருந்தது, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். முள்கரண்டிச் சத்தம் கேட்டபோது அவள் இன்னும் முடிக்கவில்லை.

மெர்வின் மேலும் பதினொரு வருடம் பன்றி வளர்த்தான். இப்போது தொழுவம் அவன் மூத்த மகளிடம் இருக்கிறது. வெர்னா தைத்த போர்வை லொரீன் கட்டிலில் கிடக்கிறது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹலினா ஓய்வு பெற்றுப் போலந்தில் க்டினியா நகரத்தில் தங்கையோடு இருக்கிறார், கிறிஸ்துமஸுக்குக் கடிதம் போடுகிறார். கார்மன் ஹூரான் ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறார். எமர்சன் இறந்துவிட்டார். கூட்டுறவை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. கட்டடத்தில் இப்போது மரச்சாமான் கிடங்கு நடக்கிறது. லொரீன் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறாள். ஏழாம் நம்பருக்குப் பழகிய செல்கள் அங்கே உறைபெட்டியில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை எடுத்து, எழுப்பி, எண்ணிப் பார்ப்பார்கள். உயிரோடுதான் இருக்கின்றன.